ஹிரோஷிகே 'ஜென் தோட்டம்' வரைந்திருக்கிறாரா? வாங்கும் முன் ஒரு சந்தேகம்

தறிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். முன்னறைச் சுவருக்கு ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஒன்று வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு இணையக் கடையில் 'ஹிரோஷிகே, ஜென் தோட்டம், 1840' என்று போட்டிருக்கிறார்கள். (ஹிரோஷிகே, நிலக்காட்சி அச்சுகளுக்குப் பேர் போன பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்.) வெள்ளை மணல், அதில் வட்ட வட்டமாக வரிகள், நடுவில் மூன்று கல், பின்னால் சிவந்த மேப்பிள் மரம், அதற்கும் பின்னால் ஃபூஜி மலை. பார்த்தவுடன் பிடித்துவிட்டது. விலை நாலாயிரத்துச் சொச்சம்.

ஆனால் எந்தத் தொடரில் வந்தது, பதிப்பாளர் யார் என்ற விவரம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தால் அதே படம் வேறு கடைகளில் வேறு பெயரில் கிடைக்கிறதே தவிர, ஒரு அருங்காட்சியகப் பக்கம்கூடக் கண்ணில் படவில்லை. ஹிரோஷிகே நிஜமாகவே இப்படி ஒன்று செய்திருக்கிறாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்நாயகி:
இல்லை. வாங்காதீர்கள்.

செந்நாயகி:
மேலே ஒரே வரியில் முடித்தது முரட்டுத்தனமாக இருக்கிறது, அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம், ஃபூஜி. கல்லும் மணலுமாகப் பேர் வாங்கிய தோட்டங்களில் பெரும்பாலானவை கியோத்தோவில் இருக்கின்றன. அங்கிருந்து ஃபூஜி தெரியாது. மேப்பிள், ஃபூஜி, கல், மணல் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைத்தால் அது ஜப்பானைப் பற்றி வெளியூர்க்காரர் கேட்டு வரைய வைத்த படம். இப்போதெல்லாம் ஆளே தேவையில்லை, கணினியிடம் கேட்டால் நிமிடத்தில் வரைந்து கொடுக்கிறது. நீங்கள் பார்த்தது அந்த ரகமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஹிரோஷிகே கியோத்தோவை வரைந்தார்தான். 1834 வாக்கில் வந்த 'கியோத்தோவின் புகழ்பெற்ற இடங்கள்' தொடரில் பத்துப் படங்கள். பனியில் கியோன் கோயில், அராஷியாமா, கியோமிசு, யோதோ ஆற்றுப் படகு, ஷிஜோ ஆற்றங்கரையில் மாலைக் காற்று வாங்குகிறவர்கள், தங்க மண்டபம், தோஃபுகுஜியின் ட்சூதென் பாலத்து மேப்பிள், இப்படிப் போகும். இதில் தங்க மண்டபமும் தோஃபுகுஜியும் ஜென் கோயில்கள். ஆனால் அவர் எதை வரைந்தார் என்று பாருங்கள்: ஒன்றில் குளம், இன்னொன்றில் இலையுதிர் கால மேப்பிள். மணல் வரியை வரையவே இல்லை.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. தோஃபுகுஜி என்றால் இன்று எல்லாரும் படம் எடுப்பது தலைமைத் துறவி இல்லத்தைச் சுற்றியுள்ள தோட்டத்தைத்தான், பாசியும் சதுரக் கல்லும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வருமே அது. அதைத் தோட்டக் கலைஞர் ஷிகெமொரி மிரேய் அமைத்தது 1939-ல். ஹிரோஷிகே அந்தக் கோயிலை அச்சிட்டு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து!

வெறுங்கை:
பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு கேள்வி. ஜென் தோட்டம் ஐந்நூறு வருஷப் பழசு என்கிறார்கள். மரக்கட்டை அச்சு அதைவிடப் பழசு. ஹொக்குசாய், ஹிரோஷிகே எல்லாம் ஆயிரக்கணக்கில் போட்டுத் தள்ளியவர்கள். பாலம், மழை, பூனை, பேய், மீன் ஒன்றையும் விடவில்லை. இதை மட்டும் எப்படி விட்டார்கள்? ஒன்று நமக்குத் தெரியாமல் இருக்கிறது, இல்லையென்றால் இந்தத் தோட்டங்கள் அந்தக் காலத்தில் யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. இரண்டாவதுதான் என்றால் இன்று இதற்குக் கொடுக்கும் ஆன்மிக பில்டப் எல்லாம் யார் வேலை?

கியோத்தோ வாசல்:
வெறுங்கை, உங்கள் இரண்டாவது ஊகம் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. நான் கியோத்தோவில் வேலை நிமித்தமாக இருக்கிறேன், வரலாறு என் துறை இல்லை, ஆனால் இந்த ஒரு கோயிலைப் பற்றி மட்டும் விடாமல் படித்திருக்கிறேன்.

ரியோவான்ஜியை எடுத்துக்கொள்வோம். கல் தோட்டம் என்றாலே உலகம் முழுக்க இந்தப் படம்தான் வருகிறது. ஏறக்குறைய 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், வெள்ளைச் சரளை, ஐந்து கூட்டமாகப் பதினைந்து கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். கோயிலை நிறுவியது ஹொசோகவா கட்சுமொதோ, 1450. அந்த நூற்றாண்டிலேயே கியோத்தோவில் நடந்த உள்நாட்டுச் சண்டையான ஓனின் போரில் எரிந்து, அப்புறம் மறுபடி கட்டினார்கள். தோட்டம் எந்த வருஷம், யார் கையால் வந்தது என்பதில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. 1680-களில் எழுதிய ஒரு குறிப்பு ஒன்பது பெரிய கற்கள் என்கிறது, இன்று இருப்பது பதினைந்து. அதை வைத்தே ஒரு பெரிய வாதம் ஓடுகிறது.

எதோ காலத்தில் (1603 முதல் 1868 வரை; எதோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) சாதாரண ஜனங்களுக்கு இந்தக் கோயில் எதற்குத் தெரியும் என்றால், குளத்துக்கு. குளிர்காலத்தில் மாண்டரின் வாத்துகள் வந்து இறங்குகிற குளம். வாத்துக் கோயில் என்றே சொல்லியிருக்கிறார்கள். 1780-ல் அகிசாதோ ரிதோ எழுதிய கியோத்தோ வழிகாட்டி ஒன்று வந்தது, மரக்கட்டையில் அச்சடித்த படப்புத்தகம், சக்கைப் போடு போட்டது. அதிலும் இந்தக் கோயிலில் முக்கியம் குளம்தான்.

பத்தொன்பது வருஷம் கழித்து, 1799-ல், அதே ரிதோ கியோத்தோவின் தோட்டங்களுக்கென்றே தனியாக ஒரு படப்புத்தகம் கொண்டுவருகிறார், 'மியாகோ ரின்சென் மெய்ஷோ சுயே'. இதில் ரியோவான்ஜியின் கல் தோட்டம் வந்துவிடுகிறது, இன்று நாம் பார்க்கிற அமைப்பிலேயே. இடையில் 1797-ல் கோயிலில் தீ. தீப்பிடித்த இரண்டாம் வருஷம் புத்தகத்தில் தோட்டம். இதை வைத்து, எரிந்த இடிபாட்டின் மேல் தோட்டத்தைப் புதிதாக அமைத்ததே ரிதோதான், அதைத் தன் புத்தகத்திலும் போட்டுக்கொண்டார் என்று வாதிடுகிற தோட்ட வரலாற்றாளர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம் இல்லை. ஆனால் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை உறுத்தத்தான் செய்கிறது.

வெறுங்கை:
ஆக, வழிகாட்டிப் புத்தகம் எழுதியவரே சுற்றுலாத் தலத்தையும் கட்டினார். சபாஷ். நான் கிளம்பலாம் போலிருக்கிறது.

செந்நாயகி:
இருங்க, இன்னும் இருக்கிறது. ஹிரோஷிகேயின் அந்தக் கியோத்தோத் தொடரில் சில படங்களின் அமைப்பே இந்த வழிகாட்டிகளிலிருந்து எடுத்ததுதான். எதோவில் உட்கார்ந்து மற்ற ஊர்களை வரைகிறவர்களுக்கு இந்தப் புத்தகங்கள்தான் கைச்சரக்கு. ஆக, கல் தோட்டம் அவருக்கு எட்டாத விஷயம் இல்லை. கையருகே இருந்த புத்தகங்களிலேயே இருந்தது. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் என்பதற்கு என் கணக்கு இது. உகியோ-எ, அதாவது எதோ காலத்து ஜனரஞ்சக மரக்கட்டை அச்சு, விற்க வேண்டிய சரக்கு. பதிப்பாளர் பணம் போடுகிறார், ஓவியர் வரைகிறார், செதுக்குபவர் செதுக்குகிறார், அச்சடிப்பவர் அடிக்கிறார், எல்லாருக்கும் கூலி. வாங்குகிறவருக்குப் பூ வேண்டும், பனி வேண்டும், மழையில் குடை பிடித்து ஓடுகிற ஆள் வேண்டும். ஹிரோஷிகே தோட்டம் போடாதவர் இல்லையே. 'எதோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' தொடரில் கமெய்தோ பிளம் தோட்டம் இருக்கிறது, வான்கோ 1887-ல் அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார், அந்தப் படத்தைச் சொல்கிறேன். ஹொரிகிரி ஐரிஸ் தோட்டமும் இருக்கிறது. எல்லாம் ஊரே கூடிப் பூப் பார்க்கப் போன இடங்கள். ஒரு துறவியின் இல்லத்து முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாமல், பருவம் மாறினாலும் பெரிதாக மாறாத சரளையை எந்தப் பதிப்பாளர் போடுவார்? நான் பதிப்பாளராக இருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன்.

உளிமுனை:
வணிகக் காரணம் சரி. நான் செதுக்குகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா? நானும் மரத்தில் அச்சு போடுகிறவன், ஜப்பானிய முறை, தண்ணீர் வண்ணம், பிரஸ் கிடையாது, கையால் தேய்த்து எடுப்பது.

கல் தோட்டத்தை இந்த முறையில் அச்சடிப்பது பார்ப்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கழுத்தறுப்பு. பெரிய வெள்ளைப் பரப்பு என்றால் ஒன்றும் அச்சடிக்காமல் காகிதத்தை அப்படியே விடுகிறோம், அவ்வளவுதானே என்று தோன்றும். கட்டையில் அந்த இடத்தை உளியால் கழித்து எடுக்க வேண்டும். பரப்பு பெரிதாக ஆக, ஈரக் காகிதம் நடுவில் தொய்ந்து கீழே தொடும். தொட்ட இடத்தில் மிச்சமிருக்கும் மை ஒட்டும். அதனால் அகலமான வெள்ளைக்கு ஆழமாகவும் கழிக்க வேண்டும், தரையைச் சமமாகவும் வைக்க வேண்டும். அப்படியும் கடைசித் தாளில் ஒரு கட்டைவிரல் கறை விழும். மழைக் காட்சியிலோ இரவுக் காட்சியிலோ அதை யாரும் பார்க்க மாட்டார்கள். வெள்ளை மணலில் விழுந்தால் அந்தத் தாள் குப்பைக்குத்தான்.

அடுத்து அந்த மணல் வரிகள். இதற்கு எனக்குத் தெரிந்து மூன்று வழி.

கறுப்பு அல்லது சாம்பல் கோடாக அச்சடிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் செதுக்கி நடுவில் மயிரிழை வரப்பை நிற்கவைக்க வேண்டும். நேர்க்கோடு என்றால்கூடப் பரவாயில்லை. கல்லைச் சுற்றி வளைகிற இடத்தில் மரத்தின் இழைக்குக் குறுக்கே கத்தி போகும்போது வரப்பு பொடிந்து உதிரும். ஜப்பானில் காட்டுச் செர்ரி மரத்தை விடாமல் பயன்படுத்துவது இதற்காகத்தான். அது இறுக்கமான மரம், மெல்லிய கோடு தாங்கும். நம்மூரில் கிடைக்கிற ஒட்டுப்பலகையில் முயன்று பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

இரண்டாவது வழி தலைகீழ். மணலையே வெளிர் சாம்பலாக அச்சடித்து, வரியை மட்டும் வெள்ளையாக விடுவது. இதற்கு வளைவு உளியை வைத்து ஒரே தள்ளு, ஒரு வரி முடிந்தது. இதில் ஒரு தனி சுகம் இருக்கிறது, ஏனென்றால் துறவி வாரியை இழுக்கும்போது சரளைக்கு என்ன நடக்கிறதோ அதேதான் இங்கே கட்டைக்கு நடக்கிறது: பள்ளம் விழுகிறது, இருபுறமும் மேடு நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சடித்த ஓவியர்களுக்கு இந்த வழி ஒத்துவரும், அவர்களுக்கு உளித்தடத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லையே.

மூன்றாவதுதான் எனக்கு உயிர். கராசுரி. மையே இல்லாமல் அழுத்துவது. கட்டையில் வரியைச் செதுக்கி, ஈரக் காகிதத்தை மேலே போட்டு, முழங்கையாலோ பாரென் என்ற தேய்ப்புத் தட்டாலோ அழுத்தி எடுத்தால் காகிதமே மேடு பள்ளமாகிவிடும். எதோ காலத்தில் பனிக்கும், கொக்கின் இறகுக்கும், பட்டுத் துணியின் நெசவுக்கும் இதைச் செய்தார்கள். மணலுக்குப் பொருந்துகிற மாதிரி வேறெதற்கும் பொருந்தாது என்பேன். வெள்ளை மேல் வெள்ளை. நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் வரி வரியாக எழும்பும். கோசோ என்ற காகித முசுக்கட்டை மரத்தின் நாரில் செய்த தடித்த காகிதம் இருந்தால்தான் இது நிற்கும். சாதாரணத் தாள் என்றால் காய்ந்ததும் தட்டையாகிவிடும்.

இதனால்தான் இந்த வகை அச்சை இணையத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். ஸ்கேன் செய்தால் கராசுரி செத்துவிடும்.

பனங்கூடல்:
உளிமுனை அண்ணா, அருமையாக எழுதியிருக்கிறீங்கள். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். உந்தப் பாரென் எண்டுறது என்ன? பிரஸ் இல்லாமல் கையால் அழுத்தினால் ஒரே சீராய் வருமோ?

உளிமுனை:
பாரென் என்பது உள்ளங்கை அளவு வட்டத் தட்டு. உள்ளே மூங்கில் மட்டையைக் கிழித்துத் திரித்த கயிற்றைச் சுருட்டி வைத்திருப்பார்கள், வெளியே மூங்கில் மட்டை உறை. அந்தக் கயிற்றின் முடிச்சுகள்தான் அழுத்தத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் கொடுக்கிறது. சீராக வரவைக்க வருஷக்கணக்கில் கை பழக வேண்டும். ஆனால் வேண்டுமென்றே சீரில்லாமல் தேய்ப்பதும் ஒரு வித்தை. லேசாகத் தேய்த்தால் மை முழுதாகப் பிடிக்காமல் எள் தூவின மாதிரி வரும், அதற்கு கோமாசுரி என்று பெயர். சரளைக்கு இது கச்சிதம். ஒரு பைசா செலவில்லாமல் சரளை கிடைத்துவிடுகிறது.

தறிக்காரன்:
நான் ஒரு படம் வாங்கலாமா என்று கேட்டேன், இங்கே பெரிய வகுப்பே நடக்கிறது. நன்றி எல்லாருக்கும்.

சரி, ஹிரோஷிகே இல்லை, ஹொக்குசாய் இல்லை. அப்படியென்றால் உண்மையான கல் தோட்ட அச்சு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? யார் போட்டார்கள்?

செந்நாயகி:
இருக்கிறது, நிறைய. ஆனால் இருபதாம் நூற்றாண்டில்தான், அதிலும் முக்கால்வாசி இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம்.

முதலில் தோட்டங்களுக்கே புகழ் வர வேண்டியிருந்தது. 1930-களில்தான் ஆங்கிலத்தில் கியோத்தோ தோட்டங்களை ஜென்னோடு சேர்த்து எழுத ஆரம்பிக்கிறார்கள். அதே காலத்தில் ஷிகெமொரி ஜப்பான் முழுக்கத் தோட்டம் தோட்டமாக அளந்து வரைபடம் போட்டு இருபத்தைந்துக்கு மேற்பட்ட தொகுதிகளாகக் கொண்டுவருகிறார். பிறகு போர். போருக்குப் பின் அமெரிக்கப் படையோடு வந்தவர்கள் டோக்கியோவிலும் கியோத்தோவிலும் அச்சு வாங்கிக் குவிக்கிறார்கள். இந்த நேரத்தில் அங்கே நவீன ஓவியர்களும் அரூப ஓவியத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். கல், மணல், சுவர், மூன்றே மூன்று வடிவம், கிட்டத்தட்ட வண்ணமே இல்லை. அவர்களுக்கு இதைவிட நல்ல விஷயம் எது? தங்கள் ஊரிலேயே ஐந்நூறு வருஷமாக ஒரு அரூப ஓவியம் தரையில் கிடக்கிறது!

பெயர்கள்:

சைதோ கியோஷி. 1951-ல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பரிசு வாங்கியவர். கியோத்தோ கோயில்களையும் தோட்டங்களையும் திரும்பத் திரும்பப் போட்டார். பலகையின் இழையையே படமாக்குவது அவருடைய கைவரிசை, சுவரா தரையா என்றால் மரத்தின் வரிதான் அங்கே நிற்கும்.

ஹாஷிமோதோ ஒகியே. கோட்டைகளும் தோட்டங்களும் இவர் பேட்டை. சைதோ அளவுக்குப் பேர் இல்லை, எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும். பளிச்சென்ற வண்ணத்துக்குப் பயப்படாத ஆள்.

தோஷி யோஷிதா. இவர் அப்பா ஹிரோஷி யோஷிதாவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், 1930 வாக்கில் இந்தியா வந்து தாஜ்மகால், அஜந்தா, உதய்ப்பூர் எல்லாம் அச்சாகப் போட்டவர். அந்தப் பயணத்தில் மகனும் கூட வந்தார். அப்பா அச்சடிப்பில் அசுரர், நிக்கோவின் யோமெய் வாசல் படத்துக்கு ஒரே தாளைத் தொண்ணூறு தடவைக்கு மேல் கட்டையில் வைத்து எடுத்திருக்கிறார். மகன் 1963-ல் 'கல் தோட்டம்' என்றே ஒரு அச்சு போட்டார்.

தொகுரிக்கி தொமிகிச்சிரோ. கியோத்தோக்காரர், பரம்பரை ஓவியக் குடும்பம், 1902-ல் பிறந்து 2000-ம் வரை இருந்தவர். ஊரில் அவர் அச்சடிக்காத கோயில் இருக்குமா என்பது சந்தேகம். பயணிகள் வாங்கிப் போக வசதியாகச் சின்ன அளவிலும் போட்டிருக்கிறார். பட்ஜெட் குறைவு என்றால் இவரில் ஆரம்பியுங்கள்.

வெறுங்கை:
கிளம்புகிறேன் என்றவன் மறுபடி வந்துவிட்டேன். செந்நாயகி அம்மா சொல்வதைப் பார்த்தால் இது அமெரிக்கர்களுக்காகப் போட்ட நினைவுப்பொருள் என்றல்லவா ஆகிறது? அப்புறம் அந்தக் கணினிப் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே வெளியூர்க்காரன் ஆசைக்கு வரைந்ததுதானே. ஒன்று 1955-ல், இன்னொன்று இப்போது.

செந்நாயகி:
வித்தியாசம் இருக்கிறது. தொகுரிக்கி பார்த்து வரைந்தார்.

வாங்குகிறவன் வெளியூர்க்காரன் என்பதாலேயே ஒரு அச்சு மட்டமாகிவிடாது. எதோ காலத்து அச்சுகளையே ஊருக்கு வந்த பயணிகள் பரிசுப் பொருளாக வாங்கிக்கொண்டு போனார்கள். மெல்லிசு, சுருட்டிக் கொண்டுபோகலாம், மலிவு. ஹிரோஷிகேயும் அந்தச் சந்தையில்தான் விற்றார். இன்றைக்கு அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதற்காக அவருக்கு மட்டும் ஒரு நியாயம் பேச முடியாது.

கியோத்தோ வாசல்:
'பார்த்து வரைந்தார்' என்பதற்கு ஒரு சாட்சி தருகிறேன். ரியோவான்ஜித் தோட்டத்தின் பின்னால் ஒரு தாழ்ந்த மண்சுவர் ஓடுகிறது. எண்ணெய் கலந்து பிசைந்த மண். வருஷங்களாக எண்ணெய் கசிந்து கசிந்து பழுப்பும் துருவுமாகத் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். கற்களைவிட எனக்கு அந்தச் சுவர்தான் பிடிக்கும், யாரும் வரையாமல் தானாக வந்த ஓவியம் அது. இன்று அந்தச் சுவரின் மேல் மெல்லிய மரச் சீவல்களால் வேய்ந்த கூரை இருக்கிறது. ஆனால் 1970-களின் கடைசி வரைக்கும் அங்கே ஓட்டுக் கூரைதான். பழைய அமைப்புக்குத் திருப்புகிறோம் என்று ஓட்டை எடுத்துவிட்டுச் சீவல் போட்டார்கள்.

அதனால் ரியோவான்ஜி அச்சு கைக்கு வந்தால் நான் முதலில் கல்லை எண்ண மாட்டேன், சுவரின் தலையைப் பார்ப்பேன். ஓட்டு வரிசை தெரிந்தால் அது பழைய சுவரைப் பார்த்து வரைந்தது. சீவல் தெரிந்தால் 1980-களிலோ அதற்குப் பிறகோ.

செந்நாயகி:
அருமையான குறிப்பு, வாசல். ஆனால் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். கூரை சொல்வது படம் வரைந்த காலத்தை மட்டும்தான். அதே கட்டையை வைத்து அப்புறமும் அச்சடிப்பார்கள். கியோத்தோவில் உன்சோதோ மாதிரி 1891-லிருந்து இருக்கும் பதிப்பகங்கள் பழைய கட்டைகளைப் பத்திரமாக வைத்து இன்றும் எடுக்கிறார்கள், அது ஒன்றும் ஏமாற்று இல்லை, சொல்லித்தான் விற்கிறார்கள். ஓடு தெரிகிறது, ஆகவே 1955-ம் வருஷத்துத் தாள் என்று யாராவது விலை ஏற்றினால் மட்டும் நம்பாதீர்கள்.

பனங்கூடல்:
நான் ஒண்டு யோசிக்கிறன். திண்ணையில் இருந்து பார்த்தால் பதினைந்து கல்லும் ஒருமிக்கத் தெரியாது, அதுதான் அந்தத் தோட்டத்தின்ர விளையாட்டு எண்டு வாசல் சொன்னார். ஆனால் பழைய வழிகாட்டிப் படங்கள் எல்லாம் பறவை மாதிரி மேலே இருந்து பார்க்கிற கோணம்தானே. மேலே இருந்து பார்த்தால் பதினைந்தும் தெரிஞ்சுபோகுமே. அப்ப அச்சு தோட்டத்தைக் காட்டிக் கொடுத்துவிடுது.

உளிமுனை:
அட, இதை நான் யோசித்ததே இல்லை. நல்ல பிடி.

இதற்கு எதிர்ப்பக்கம் போனவர்கள்தான் போருக்குப் பிந்தைய ஓவியர்கள் என்று தோன்றுகிறது. அவர்கள் கூரைக்கு மேலே ஏறவில்லை, கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். பதினைந்தையும் காட்ட வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. ஒரு மூலையில் இரண்டு கல், கொஞ்சம் பாசி, மிச்சத் தாளெல்லாம் மணல், ஓரத்தில் சுவர் துண்டாகத் தெரியும். மறைந்தது மறைந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வழிகாட்டிக்காரர் ரிதோவுக்கு அது முடியாது, அவர் படத்தைப் பார்த்துத்தான் ஆள் வழி தேடி வர வேண்டும்.

வெறுங்கை:
அப்போ புகைப்படமே எடுத்து மாட்டிவிட்டுப் போகலாமே. இரண்டு கல்லும் கொஞ்சம் மணலும் போன் கேமராவிலேயே வந்துவிடும்.

உளிமுனை:
எடுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் புகைப்படத்தில் ஒவ்வொரு சரளைக்கல்லும் வரும், வெயிலுக்கு ஒரு நிழலும் வரும், எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரின் காலுறையும் வரும். மரத்தில் எதைச் செதுக்காமல் விடுவது என்று நூறு தடவை முடிவு செய்தாக வேண்டும். ஒரு கல்லின் முகத்தை மூன்று கட்டையில் முடிக்க வேண்டும்: வெளிர் சாம்பல் ஒன்று, அதன் மேல் கொஞ்சம் இருண்டது ஒன்று, அடியில் பாசிக்குப் பச்சை. கட்டையை ஈரத்துணியால் லேசாக நனைத்து, கல் தரையைத் தொடுகிற இடத்தில் மை வைத்து மேல்நோக்கிக் கரைய விட்டால், கீழே போகப் போக நிறம் அடர்ந்து கல்லுக்குக் கனம் வந்துவிடும். அந்தக் கரைசலுக்குத்தான் பொகாஷி என்று பெயர். ஹிரோஷிகே வானத்துக்குச் செய்ததை இவர்கள் கல்லின் அடிக்குச் செய்தார்கள்.

எனக்கு இதில் ஒரு மனக்குறையும் உண்டு. அறுபதுகளில் வந்த சில அச்சுகள் அளவுக்கு மீறி அழகாக இருக்கின்றன. கல் மூன்றும் அளவெடுத்து வைத்த மாதிரி, மணல் வரி இயந்திரம் போட்ட மாதிரி. உணவகச் சுவருக்குப் போட்டது என்று பார்த்தவுடன் தெரியும். செந்நாயகி அக்கா அடிக்க வராதீர்கள்.

செந்நாயகி:
அடிக்கவில்லை. உண்மைதான். சைதோவிலேயே அப்படிச் சில உண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்த காலம் அது. தேர்ந்தெடுக்க வேண்டும்.

தறிக்காரன்:
கடைசியாக இரண்டு கேள்வி, அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன். உண்மையான மரக்கட்டை அச்சா, நவீன பிரிண்டரில் எடுத்ததா என்று நானே எப்படிப் பார்ப்பது? சட்டம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் சுவர் ஈரம் கோக்கும்.

செந்நாயகி:
முதலில் தாளின் பின்பக்கப் படம் கேளுங்கள். விற்கிறவர் தயங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். தண்ணீர் வண்ணம் காகிதத்துக்குள் ஊறும், அதனால் பின்னால் திரும்பிப் பார்த்தால் படத்தின் மங்கலான நிழல் தெரியும், பாரென் தேய்த்த சுழிகளும் சில இடத்தில் பளபளக்கும். பிரிண்டர் தாளின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அடுத்து பூதக்கண்ணாடி: புள்ளி புள்ளியாக நிறம் பிரிந்தால் இயந்திரம். மரத்தில் எடுத்தது என்றால் நிறம் தட்டையாக, ஓரத்தில் லேசாகக் குவிந்து நிற்கும். கீழ் ஓரத்தில் பென்சில் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக மயங்க வேண்டாம், பென்சில் யாரிடமும் இருக்கும்.

சட்டத்துக்கு: அமிலமில்லாத அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி, நேரடி வெயில் கூடவே கூடாது. தாளை அட்டையில் ஒட்டிவிடாதீர்கள், செல்லோடேப் பக்கமே போகாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டு சின்னக் காகிதக் கீல், கோதுமை மாவுப் பசை, போதும். ஈரம் கோக்கிற வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள், இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் வெள்ளை மணலில் பழுப்புப் புள்ளி பூக்கும். இந்த வகைப் படத்துக்கு அதுதான் பெரிய எதிரி, மறைக்க இடமே இல்லை.

உளிமுனை:
மாட்டும் இடத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருகிற மாதிரி பாருங்கள். கராசுரி இருந்தால் எழும்பும்.

தறிக்காரன்:
குறித்துக்கொண்டேன். இதற்கிடையில் அந்தக் கடைக்கு, 'இது ஹிரோஷிகேயின் எந்தத் தொடர், பின்பக்கப் படம் கிடைக்குமா' என்று எழுதிக் கேட்டேன். இப்போதுதான் பதில் வந்தது: 'பின்பக்கத்தில் படம் எதுவும் இல்லை சார், முன்பக்கம் மட்டும்தான். வேண்டுமானால் ஃபூஜி மலை இல்லாமலும் போட்டுத் தருகிறோம்.'

வெறுங்கை:
ஃபூஜியை எடுத்துவிட்டு வாத்துக் குளம் போடச் சொல்லுங்கள். வரலாற்றுப்படி சரியாக இருக்கும், நானே ஒன்று வாங்குகிறேன்.